எந்த எடத்துல நிக்கே?

கொஞ்ச நாளாக ஒரு கேள்விக்கு நான் பொய் சொல்லி வருகிறேன். "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் கேட்கிற இளைஞருக்கு ஒரு மொழிபெயர்ப்பு நாவல். தமிழ்ப் பேராசிரியருக்கு ஒரு பழைய உரை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு, அவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று. எல்லாமே என் மேசையில் இருப்பவைதான். எல்லாவற்றிலும் சில பக்கங்கள் ஓடியிருக்கின்றன. அதனால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் நான்கு மாதமாக என் தலைமாட்டில் இருப்பது வேறு புத்தகம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்த நாவல். ஒரு மழைநாள் மத்தியானம் எடுத்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம், அவ்வளவு சிறியது. பனைவிளையில் லிஸி வளர்கிறாள்; வளர்ந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் நின்றுபோனேன். பக்கத்தைத் திருப்ப முடியாமல் இல்லை, திருப்ப மனம் வரவில்லை. இரவில் எடுப்பேன், அதே பத்தியைப் படிப்பேன், மூடி வைப்பேன். இதை எப்படி இன்னொருவரிடம் 'படிச்சிட்டிருக்கேன்' என்று சொல்வது?

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். "எப்படி இருக்கு?" இந்தக் கேள்விக்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைக்கிறேன். சாம்பார் எப்படி இருக்கு, உடம்பு எப்படி இருக்கு, புதுப் படம் எப்படி இருக்கு என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது இந்த ஒரு கேள்விதான். கேட்கிறவர்மேல் குறை இல்லை, அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் பாதியில் நிற்கிறவனிடம் அதற்குப் பதில் கிடையாது. பதில் சொல்ல வேண்டுமென்றால் புத்தகத்திலிருந்து வெளியே வந்து, திரும்பி நின்று, அதை முழுசாகப் பார்ப்பதுபோல ஒரு பாவனை செய்தாக வேண்டும். "நல்லாருக்கு, ஆனா கொஞ்சம் மெதுவாப் போகுது." "அந்தக் காலத்துக்கு நல்ல முயற்சி." இப்படி ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழுந்துவிட்டால், அன்று இரவு புத்தகத்தைத் திறக்கும்போது அந்த வாக்கியமும் கூடவே திறந்துகொள்கிறது. நான் சொன்ன அபிப்ராயத்துக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடுவேன். பலமுறை இது எனக்கு நடந்திருக்கிறது. ஒரு நாவலைப் பற்றி அறுபதாம் பக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு, மிச்சம் இருநூறு பக்கத்தையும் அந்த வார்த்தையைக் காப்பாற்றவே படித்திருக்கிறேன்.

இதே விஷயத்தை வேறு மாதிரிக் கேட்ட ஒருவர் எனக்குத் தெரியும். தாமிரபரணிக் கரையில் எங்கள் சிற்றூரின் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஓட்டுக் கட்டடம், இரண்டு நீள மேசை, மேசைமேல் கம்பியில் கோத்த செய்தித்தாள்கள், உள்ளே நான்கு பீரோ. அண்ணாச்சியின் மேசையில் தேதி முத்திரையும், ஊதா மைப் பெட்டியும், மை உலராமலிருக்க அதில் விட ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரும் இருக்கும். புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதியைக் குத்தித் தருவார். 15 நாள் தவணை. தவணைக்கு நடுவே தெருவில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "எந்த எடத்துல நிக்கே?" என்பார். அவ்வளவுதான். நான் நிற்கிற இடத்தைச் சொன்னால், "ஆங், அங்கயா" என்று ஒரு நிமிடம் அவரும் அங்கே வந்து நிற்பார். அவர் கண் எங்கோ போய்த் திரும்பும். மேலே ஒன்றும் சொல்ல மாட்டார், சைக்கிளை மிதித்துவிடுவார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நானாக ஆரம்பித்தாலும், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையமர்த்திவிட்டு முத்திரையைத் தேடுவார். அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அவருக்கு நம் பேச்சில் அக்கறை இல்லை என்று வருத்தப்பட்டதுகூட உண்டு.

உண்மையில் அவர் கேட்டது என்னையும் இல்லை. "அக்கா எந்த எடத்துல நிக்கா?" என்பதுதான் அவர் கேட்க நினைத்தது, முதல் சில மாதத்துக்குப் பிறகு அப்படியே கேட்கவும் ஆரம்பித்தார். உறுப்பினர் சீட்டு என் பெயரில், புத்தகம் அக்காவுக்கு. அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தெருவில் அது யாரும் விளக்கம் கேட்காத விஷயம். நிறுத்திய மறுவாரமே மடியில் சொளவு வந்துவிட்டது. ராத்திரி நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை, காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டியது, பக்கத்தில் தூள். நாளைக்கு ஆயிரம் பீடி. கை இரண்டும் அதிலேயே இருக்கும். அப்புறம் எப்படிப் புத்தகம் பிடிப்பது? அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அக்கா, அடுத்த வீட்டு மயினி, எதிர் வீட்டுப் பெரியம்மா, இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று சொளவுகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். நூல் அறுபடும் சின்னச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். ஏதாவது முக்கியமான இடம் வந்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அதை வைத்துத்தான் கதை எங்கே பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அந்தச் சீட்டில் நான் எடுத்த எல்லாப் புத்தகத்துக்கும் புகையிலை வாசம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாச்சி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார், ஒன்றும் சொன்னதில்லை.

அந்தத் திண்ணையில் அபிப்ராயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது கடைசியில் வரவில்லை, நடுவிலேயே வந்தது, பெரும்பாலும் புத்தகத்துக்குள் இருக்கிறவர்களிடமே சொல்லப்பட்டது. "ஏட்டி, அவன நம்பாத" என்று பெரியம்மா ஒரு கதாநாயகியிடம் சொல்வாள். மயினி ஒருமுறை லக்ஷ்மியின் நாவல் ஒன்றில் வரும் மாமியாருக்காக வாதாடினாள், அன்றைக்கு இரண்டு பக்கம்கூட நகரவில்லை. அக்கா பேசுவது குறைவு. "ஏல, அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்பாள். அதுதான் அவளுடைய விமர்சனம். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்து முடித்த அன்று மட்டும், தூத்துக்குடி உப்பளத்தில் கொப்பளித்த கால்களைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், "இவங்க பீடிக்காரங்கள எழுதலையா?" என்று கேட்டாள். நான் அதை அப்படியே அண்ணாச்சியிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் தேடினார். 'கூட்டுக் குஞ்சுகள்' நாவலை எடுத்துவந்து, "தீப்பெட்டி வரைக்கும் வந்திருக்காங்கன்னு சொல்லு" என்றார். அக்கா கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு இன்னொரு புத்தகத்தால் பதில் சொல்லலாம் என்பதை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

படிப்பது என்ற சொல்லையே இப்போது நாம் வாயை மூடிக்கொண்டு செய்கிற காரியத்துக்கு ஒதுக்கிவிட்டோம். கோவிலில் பாரதம் படிக்கிறார்கள் என்றால் ஊருக்கே கேட்கும்படி படிக்கிறார்கள் என்று பொருள். மழை பொய்த்த வருஷம் விராட பர்வம் படிக்க வைப்பார்கள். ஒருவர் பாட்டைச் சொல்ல, ஒருவர் பொருள் சொல்ல, ஊர் உட்கார்ந்து கேட்கும். நாதஸ்வரத்தையும் வீணையையும்கூட நாம் வாசிக்கத்தானே செய்கிறோம். கூட ஒரு காது இருக்கிறது என்ற நிச்சயத்தோடுதான் இந்தச் சொற்கள் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அப்படிக் கூடிப் படித்தபோது 'என்ன படிக்கிறீர்கள்' என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. குரல் தெருவுக்கே கேட்டது. குரல் உள்ளே போனதும் அதற்கு ஈடாகக் கேள்வி வந்தது. இதை ஒரு புலம்பலாகச் சொல்லவில்லை. குரல் உள்ளே போனதால்தான் நான் தனியாக ஒருவனாக ஆனேன், அதை இழக்க எனக்குச் சம்மதமில்லை. தெருவுக்கே கேட்கிற இடத்தில் படிக்க முடியாத பக்கங்களும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் இந்தக் கேள்வி கேட்கப்பட்ட தருணங்களில் மிகப் பெரியது எது என்று யோசித்தால், 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. உ.வே. சாமிநாதையர் அதைத் தேதி போட்டு 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரை அவர் பார்க்கப் போகிறார். அவருக்கு வயது 25. கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அன்று பெரிய விருது. முதலியார் அதற்கு அசையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பட்டியல் நீள நீள மதிப்பு உயரும் என்று நினைத்திருப்பார், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதலியாரோ இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா? இல்லை, புத்தகமே கிடைக்கவில்லை. ஒரு வாலிபனின் முழுப் படிப்பும் ஒரு நாற்காலிக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போன நிமிடம் அது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கன்னம் சூடாகிவிடும்.

இங்கேதான் என் எண்ணம் எனக்கே எதிராகத் திரும்புகிறது. அபிப்ராயம் புத்தகத்தை மூடிவிடும் என்கிறேன். ஆனால் முதலியார் சொன்னது சாதாரண அபிப்ராயமா? முகத்தில் அறைகிற அபிப்ராயம். அதிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. கையமர்த்தி 'இருக்கட்டும்' என்கிற அண்ணாச்சி அன்று அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்திருக்கிறேன். ஒரு பதில்தான் தென்படுகிறது, அதுவும் பாதிப் பதில். முதலியார் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. சிந்தாமணியின் பிரதியைத் தேடிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, படித்துச் சொல்லுங்கள் என்று தானும் கூட உட்கார்ந்தார். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் வந்துபோகிற வீட்டில் முன்சீப் ஒருவர், தமக்கும் புரியாத ஒரு காவியத்துக்கு முன் அந்த 25 வயது ஆசிரியரோடு உட்கார்ந்து இருந்தார். அறைந்த கைதான் கூடவே பக்கத்தையும் திருப்பியது. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் செய்வதற்கு இன்று நமக்கு எத்தனையோ வசதி வந்துவிட்டது.

அதே சரித்திரத்தில் இன்னொரு காட்சி உண்டு. அது இதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. சிந்தாமணி புரியாமல் திணறிக்கொண்டிருக்கும் ஐயர், அது சமண காவியம் என்பதால் கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போகிறார். போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று கேட்கிறார். மாதக்கணக்காகச் சிந்தாமணி படித்து வந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கல்லூரியும் மடமும் வித்துவான்களும் மறந்துபோயிருந்த ஒரு நூலை, நடந்து போகிற தூரத்தில் ஒரு குடும்பம் படித்து முடித்துத் தோரணம் கட்டியிருக்கிறது. ஒருவரும் அவர்களிடம் 'என்ன படிக்கிறீர்கள்' என்று கேட்டிருக்கவில்லை. நாம் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறோம்? நம்மைப் போலப் படிக்கிறவர்களிடம் மட்டும்தான் கேட்கிறோம். எங்கள் திண்ணையில் சொளவோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, சைக்கிளை நிறுத்திய அந்த ஒரு மனிதரைத் தவிர. உப்பளத்தைப் பற்றியும் சோழ இளவரசர்களைப் பற்றியும் அவர்கள் அறிந்திருந்ததெல்லாம் ஒரு பீடிக்கட்டின் விலைக்குள் அடங்கிப்போனது.

க.நா.சு.வின் ஒரு புத்தகத்துக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர். தலைப்பே கேள்வி. வாழ்நாள் முழுக்க அவர் செய்தது இதைத்தான் என்று சொல்லிவிடலாம். நல்ல நாவல் இவை, நல்ல சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று பட்டியல் போட்டார், மாற்றிப் போட்டார், விட்டுப்போனவரைச் சேர்த்தார், சேர்த்தவரை விட்டார். ஏன் என்று விரித்துச் சொல்லவில்லை என்பது அவர்மேல் எப்போதும் இருந்த குறை. இளம் வயதில் எனக்கும் அந்தக் குறை இருந்தது. ஒரு நாவலை உன்னதம் என்று நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனால் எப்படி, காரணம் வேண்டாமா என்று கோபப்பட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அவர் நம்மை வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு விலகிக்கொள்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் முழுவதும் சொல்லிவிட்டால் நாம் போக வேண்டியதில்லை. அதோடு அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவரும் அல்ல. நட் ஹாம்சன் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொன்னவர், உட்கார்ந்து 'நிலவள'த்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். லாகர்குவிஸ்ட்டின் 'அன்பு வழி' அவர் கையால்தான் நமக்கு வந்தது. படித்திருக்கிறீர்களா, இல்லையென்றால் இந்தாருங்கள் என்று கொடுத்த கை அது. முதலியார் பிரதி கொடுத்தார், அண்ணாச்சி பீரோவில் தேடினார், க.நா.சு. மொழிபெயர்த்தார். இவர்கள் மூன்று பேரையும் ஒரே வரியில் வைப்பது சரியா என்று தெரியவில்லை, ஆனால் என் மனதில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி.யின் வீட்டுத் தொட்டிக்கட்டில் கூடிய கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்களாம். ஒரு சொல்லில் நின்று, அதையே தடவித் தடவிப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. அக்கா கேட்ட 'இன்னொரு வாட்டி'தான் அது. வக்கீலுக்கும் அதிகாரிக்கும் நடுவே நடந்தது, பீடித் தூளுக்கு நடுவே நடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டி.கே.சி. அபிப்ராயம் சொல்லத் தயங்கியவரும் அல்ல. கம்பன் பாட்டு இல்லை என்று தமக்குத் தோன்றிய செய்யுள்களை ஒதுக்கிவிட்டு ராமாயணத்தையே பதிப்பித்தவர். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் பாட்டை ஐம்பது தடவை வாயில் போட்டு மென்ற பிறகு வந்த முடிவு அது. தவறாகவே இருந்தாலும் அந்தத் தவறுக்கு ஒரு வயது இருந்தது. இப்போது வருகிற முடிவுகளுக்கு வயதே இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் காலையில் வெளியான நாவல் மாலைக்குள் 'ஏமாற்றம்' ஆகிவிடுகிறது. பையின் கனத்தில் தோள் வலிக்க நிற்கிற ஒருவர், "அது வேஸ்ட்டுங்க, முப்பது பக்கம் பார்த்தேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் நல்ல வாசகர், எனக்குத் தெரியும். அந்த முப்பது பக்கத்தில் அவர் எங்கே நின்றார், எது அவரைத் தடுத்தது என்று கேட்டிருந்தால் அவர் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார். நானும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு அந்தப் புத்தகத்தை வாங்காமல் வந்தேன்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒருமுறை வாங்கிய பழைய நாவல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் படித்தவர் யாரென்று தெரியாது. முன்பக்கத்தில் இருந்த பெயரைப் பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். உள்ளே ஓரங்களில் பென்சில் கோடுகள். சில இடத்தில் 'ஆமாம்', ஓரிடத்தில் 'இல்லை', இரண்டு முறை அடிக்கோடிட்டு. 112ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு தேதியும், அதற்குக் கீழே 'அப்பா' என்ற சொல்லும். அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு கோடும் இல்லை. அந்தப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி எதுவும் இல்லை, ஒரு ரயில் நிலையத்தில் யாரோ காத்திருக்கிறார்கள். படித்தவர் அன்று அந்த இடத்தில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான் தெரிகிறது. அந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையும் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பென்சில் எழுத்து நினைவிருக்கிறது. 'ப்பா'வின் கால் நீளமாக இழுபட்டு ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதைவிட நெருக்கமாக யாரும் தான் படிப்பதை என்னிடம் பகிர்ந்துகொண்டதில்லை. அந்த மனிதர் பகிரவே நினைக்கவில்லை என்பதுதான் இதில் இருக்கிற சிக்கல். நான் ஒட்டுக்கேட்டவன்.

அப்படியென்றால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு படிக்க வேண்டும் என்பதா? அது எனக்கு முடியாது, யாருக்கும் முடியாது. இடைசெவலில் ஒரே வருஷம், 1923இல், பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இருந்தார்கள். ஒருவர் ஊரைவிட்டுப் போனார், ஒருவர் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். நடுவே கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதியவை இன்று புத்தகமாகவே கிடைக்கின்றன. நல்லதைப் படித்தால் அதை உடனே சொல்லியாக வேண்டும் என்கிற தவிப்பு எனக்கும் தெரியும். நல்ல சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறபோது வருகிற அதே சங்கடம். ஆனால் சொல்ல நினைப்பது அபிப்ராயத்தை இல்லையே. 'இங்கே வா, இதைப் பார்' என்பதைத்தானே சொல்ல நினைக்கிறோம். கையைப் பிடித்து இழுக்கப் போய், இழுக்க முடியாதபோது, 'நல்ல புத்தகம்' என்று சொல்லிவைக்கிறோம். மதிப்பெண்ணும் நட்சத்திரமும் கையைப் பிடிக்கத் தெரியாதவர்களின் சைகை என்று பார்த்தால் அதன்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அவள் பீடி சுற்றுவதில்லை; இருமல் வந்ததும் மகன் நிறுத்தச் சொல்லிவிட்டான். விரல் நுனிகள் மட்டும் இன்னும் பழுப்பாக இருக்கும். ஊர் விஷயம், மழை, பேத்தியின் பரீட்சை எல்லாம் பேசியபிறகு, 'புத்தம் வீடு' என்று ஒரு புத்தகம், லிஸி என்று ஒரு பிள்ளை, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். நான்கு மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. பனங்காட்டுக் கதைதானே, பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜ்தானே, என்று அவள் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் புதிதாகப் படிப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீதானல கொண்டாந்தே. அண்ணாச்சி பேப்பர்ல சுத்திக் குடுத்துவிட்டாரு. திண்ணையிலதான் படிச்சே."

"எனக்கு நெனவே இல்லக்கா."

"பள்ளிக்கூடத்த நிறுத்துன எடம் வந்ததும் ரெண்டு பக்கத்தச் சேத்துப் புரட்டிட்டே. எல்லாரும் இருந்தாங்கல்லா. சொளவுப் பக்கம் பாக்காமப் புரட்டிட்டு, வேற என்னமோ எடத்துலேந்து படிச்சே. கதை ஒட்டல. மயினி கேட்டா, அச்சு அப்படித்தான்னு சொன்னே."

அவள் குரலில் குறையேதும் இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. எதிர்முனையில் மின்விசிறிச் சத்தமும், தூரத்தில் எங்கள் தெருக் கோவில் ஒலிபெருக்கியும் கேட்டன. எட்டாம் வகுப்புப் புத்தகங்களை அவள் பழைய ட்ரங்குப் பெட்டியில் அட்டை கிழியாமல் வைத்திருந்ததும், அடுத்த வருஷம் அவை எனக்கு வந்ததும் ஞாபகம் வந்தது.

"அப்புறம் நீ தனியா எடுத்துப் படிச்சியாக்கா?"

"எப்பப் படிக்க? மறுநாளே தவணை முடிஞ்சு போச்சுன்னு கொண்டுபோயிட்டே." கொஞ்சம் இருமினாள். "இப்பக் கையில இருக்கா?"

இருந்தது. தலைமாட்டிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் தேடி, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன். நான்கு மாதமாகத் திரும்பாமல் கிடந்த பக்கம் அது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் அங்கிருந்து கேட்டது.

"ம், படி" என்றாள்.